வீட்டு ஷெட்டில் ஒரு ஃபைபர் வள்ளம்: சில வருட அனுபவம்

டிரெய்லரில் ஏற்றிய வள்ளத்தை வீட்டு ஷெட்டில் வைத்துப் பராமரிக்க முடியுமா என்று கேட்டால், தாராளமாக முடியும். ஆனால் ஷட்டரை இழுத்துப் பூட்டிய ஷெட்டைவிட நாலு பக்கமும் காற்று போகிற கொட்டகையே மேல். வெயிலுக்கும் மழைக்கும் பயந்துதான் எல்லோரும் கூரை தேடுகிறோம். கடலில் இருந்து நாமே கூடக் கொண்டு வருகிற உப்பு அந்தக் கூரைக்குள் செய்கிற சேதம்தான் பெரிது.

எங்கள் வீடு திருநெல்வேலி மாவட்டத்தில் திசையன்விளைப் பக்கம். உவரிக் கடல் கிட்டத்தில்தான். வள்ளம் 16 அடி, பின்னால் 40 ஹெச்.பி. டூ ஸ்ட்ரோக் எஞ்சின். பிழைப்புக்காக வாங்கியது இல்லை, மச்சானுக்கும் எனக்கும் இருக்கிற தூண்டில் பைத்தியம். பாறை மீனோ சூரை மீனோ மாட்டினால் சந்தோஷம், இல்லாவிட்டால் கடல் காற்றாவது மிச்சம். கரையில் ஏற்றி வைக்கலாமே என்பார்கள். அந்த மணல் அங்கே தொழில் பார்க்கிறவர்களுக்கே போதாது. அதில் பொழுதுபோக்குக்கு வருகிறவன் இடம் பிடிப்பது முறையில்லை என்பது என் கட்சி. அதனால் ஜீப்பில் இழுத்து வருவது, வீட்டில் நிறுத்துவது.

முதலில் இடம். "கார் நிக்கிற ஷெட்டுதானே அண்ணாச்சி, 18 அடி போதும்" என்றார் கொத்தனார். போதாது. வள்ளம் 16 அடி என்றால், முன்னால் டிரெய்லரின் மூக்கு நாலடி நீளும், பின்னால் எஞ்சின் இரண்டடி. எஞ்சினைத் தூக்கி வைத்தால் இன்னும் நீளம் கூடும். அதனால் 24 அடிக்குக் கட்டினோம். மூக்கை மடக்கிக்கொள்ளும்படி கீல் வைத்த டிரெய்லரும் கிடைக்கிறது, இடம் நெருக்கமானவர்கள் அதைப் பார்க்கலாம். உயரத்தையும் டிரெய்லரில் ஏற்றிய பிறகே அளக்க வேண்டும். ஷட்டர் சுருளும் பெட்டி மேலே ஓரடிக்கு மேல் தின்றுவிடும், அதைப் பலரும் கணக்கில் சேர்ப்பதில்லை.

தரைக்குப் பின்பக்கமாக லேசான வாட்டம் கொடுத்தோம். வள்ளத்தின் முன்பக்கம் சற்று உயர்ந்து நிற்கும், அடியில் இருக்கும் பிளக்கைக் கழற்றிவிட்டால் உள்ளே தங்கிய தண்ணீர் தானே வடிந்துவிடும். எஞ்சினையும் எப்போதும் நேராக இறக்கித்தான் நிறுத்துவேன். சாய்த்து வைத்தால் உள்ளே குளிர்விக்க ஓடிய தண்ணீர் முழுதாக வடியாது.

இனி உப்பு விஷயம். கார்த்திகை மாதத்தில் அடுக்களையில் உப்பு ஜாடி கசிவதை எல்லோரும் பார்த்திருக்கிறோம். காற்றில் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் காய்ந்த சோற்றுப்பு தானே தண்ணீரை இழுத்துக்கொள்ளும். கடல் உப்பில் மெக்னீசிய உப்புகளும் கலந்திருப்பதால் அது இன்னும் குறைந்த ஈரத்திலேயே பிசுபிசுக்கும். வள்ளத்தின் ஒவ்வொரு போல்ட்டுக்கு அடியிலும், டிரெய்லரின் ஒவ்வொரு வெல்டிங் இடுக்கிலும் நடப்பது இதேதான். சித்திரையில் எல்லாம் காய்ந்து சுத்தமாகத் தெரியும். ஐப்பசி மழை தொடங்கியதும் பூட்டிய ஷெட்டுக்குள் அதே உப்பு உயிர் பெற்று அரிக்க ஆரம்பிக்கும். மழை ஒரு சொட்டுகூட உள்ளே விழுந்திருக்காது.

ஷெட் கட்டிய முதல் மழைக்காலத்தில் எங்களுக்கு அப்படித்தான் ஆனது. டிரெய்லரில் வள்ளம் உட்காரும் கட்டைகளில் கார்ப்பெட் சுற்றியிருந்தது, பட்டறையிலிருந்து வந்ததே அப்படித்தான். அது கடல் தண்ணீரைக் குடித்துவிட்டு மாதக்கணக்கில் காயாமல் வள்ளத்தின் அடிவயிற்றோடு ஒட்டிக் கிடந்திருக்கிறது. வள்ளத்தை இறக்கிப் பார்த்தபோது, கட்டை பட்ட இடத்தில் மட்டும் வரிசையாகச் சின்னச் சின்னக் கொப்புளங்கள். ஒன்றை ஊசியால் குத்தினேன். பிசுக்கென்று ஒரு திரவம் வந்தது, முகர்ந்தால் வினிகர் வாடை. ஃபைபரின் மேல்பூச்சைத் தாண்டி ஈரம் ஊறி, உள்ளே ரெசினோடு வேலை செய்தால் இப்படித்தான் அமில வாடை அடிக்கும். மேல்பூச்சைச் சுரண்டி, வாரக்கணக்கில் உலரவிட்டு, எபாக்சி பூசி முடிப்பதற்குள் ஒரு சீசன் போய்விட்டது. கார்ப்பெட்டைப் பிய்த்துப் போட்டுவிட்டு கனத்த ரப்பர் பட்டை அடித்தோம். அதற்குப் பிறகு கொப்புளம் வரவில்லை.

அந்தச் சமயம் வீட்டுக்கு வந்த உவரிக்காரப் பெரியவர் ஒருவர், ஷட்டரைப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "ஏன் தம்பி, இத நகக்கடை மாதிரி பூட்டி வச்சிருக்கிய? காத்துப் பட்டாத்தான வள்ளம் வள்ளமா இருக்கும்?" ஷட்டரைக் கழற்றி எடைக்குப் போட்டோம். இப்போது கம்பி வலை அடித்த கிரில் கேட். பின்சுவரில் தரையை ஒட்டி ஒரு வரிசை, கூரையை ஒட்டி ஒரு வரிசை ஜாலி கல்.

காற்றை விட்டால் கூடவே தூசி வரும், அதையும் சொல்ல வேண்டும். ஆனி, ஆடியில் கச்சான் என்கிற மேல்காற்று அடிக்கும்போது, தேரிக்காடு என்கிற செம்மணல் மேடுகளின் மண் ஷெட்டுக்குள் வந்து வெள்ளை வள்ளத்தைக் காவியாக்கிவிடும். இரும்புச் சத்துள்ள மணல், துணியால் வறட்டித் துடைத்தால் பளபளப்பு போய்விடும். தண்ணீர் ஊற்றிய பிறகே கை வைக்க வேண்டும். மூடுவதற்கு நீலத் தார்ப்பாய் வேண்டாம், அடியில் வியர்த்து ஊற்றும். பழைய பருத்திப் படுதாவோ ஷேட் நெட்டோ போதும்.

கழுவுவது எப்படி என்பதில் எங்கள் பக்கத்துக்கென்று ஒரு சிக்கல். போர் தண்ணீரே உப்பு. அதை ஊற்றிக் கழுவினால் கடல் உப்பு போகும், அதன் இடத்தில் இந்த உப்பு உட்காரும், எஞ்சினுக்குள் சுண்ணாம்பும் படியும். வண்டி, டிரெய்லர், வள்ளத்தின் வெளிப்பக்கம் இதற்கெல்லாம் முதலில் போர் தண்ணீர், கடைசியாக ஓர் அலசு மட்டும் நல்ல தண்ணீர். எஞ்சினுக்கு நல்ல தண்ணீர் மட்டும்தான். ஆற்றுத் தண்ணீர் குழாயில் வருகிற நாளில் வீட்டில் குடம் வரிசையாக நிற்கும், அதற்கு நடுவே எஞ்சினுக்கு டிரம் நிரப்பினால் என்ன பேச்சு விழும் என்று சொல்ல வேண்டியதில்லை. மழைநீர்த் தொட்டி கட்டிய பிறகுதான் வீட்டில் சமாதானம்.

டிரம் முறைதான் எனக்குப் பிடித்தது. பெரிய பிளாஸ்டிக் பேரலில் தண்ணீர் நிரப்பி, எஞ்சின் காலை அதற்குள் விட்டு, பத்துப் பதினைந்து நிமிடம் மெதுவாக ஓடவிட வேண்டும். தண்ணீர் இல்லாமல் ஒரு நிமிடம்கூட ஓட்டக் கூடாது, உள்ளே பம்பில் இருக்கும் ரப்பர் சக்கரம் கருகிவிடும். பக்கவாட்டு ஓட்டையில் தண்ணீர் பீய்ச்சுகிறதா என்பதில் ஒரு கண் இருக்கட்டும். இதை எப்போதும் முற்றத்தில்தான் செய்ய வேண்டும், ஷெட்டுக்குள் எஞ்சின் புகை ஆளையே சாய்த்துவிடும்.

அந்த ஓட்டையில்தான் குளவியும் கூடு கட்டும். கொஞ்ச நாள் ஓட்டாமல் விட்டால் போதும், மண்ணைக் குழைத்து அழகாக அடைத்துவிடும். தண்ணீர் பீய்ச்சவில்லை என்றதும் பம்பைக் கழற்றப் போகாமல், முதலில் ஒரு கனத்த தூண்டில் நரம்பை அந்த ஓட்டையில் விட்டுக் குத்திப் பாருங்கள். எங்கள் அம்மாவோ, குளவி கூடு கட்டினால் வீட்டில் பிள்ளைச் செல்வம் வரும், கலைக்காதே என்பார். இப்போது எஞ்சினை நிறுத்தியதுமே அந்த ஓட்டைக்கு ஒரு துணித் திரி வைத்துவிடுகிறேன், அம்மாவோடு வாதம் மிச்சம்.

பெட்ரோல் டாங்க் ஷெட்டுக்குள் இருக்கவே கூடாது. பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனம், தரையோடு தவழ்ந்து தேங்கும். நம் வீடுகளில் இன்வெர்ட்டர், மோட்டார் ஸ்டார்ட்டர் எல்லாம் கார் ஷெட்டில்தான் மாட்டுவார்கள், ஒரு பொறி போதும். கீழே ஜாலி கல் வைத்ததற்கு இதுவும் ஒரு காரணம். டாங்க்கைத் தனியாகக் கழற்றி, வெளியே நிழலான கூண்டில் பூட்டுகிறேன். இப்போது கிடைக்கிற பெட்ரோலில் 20 சதவீதம் எத்தனால். அது ஈரத்தை இழுக்கும், அளவு மீறினால் தண்ணீரோடு சேர்ந்து அடியில் தனியாகப் பிரிந்து நிற்கும். அதனால் மிச்சத்தைச் சேமித்து வைப்பதில்லை. டூ ஸ்ட்ரோக் எஞ்சினுக்காக 50 லிட்டருக்கு 1 லிட்டர் ஆயில் கலந்த பெட்ரோலை ஃபோர் ஸ்ட்ரோக் வண்டிக்கு ஊற்ற முடியாது. மச்சானிடம் ஒரு பழைய டூ ஸ்ட்ரோக் மொபெட் இருக்கிறது, அது குடித்துத் தீர்த்துவிடும்.

பேட்டரியைக் கழற்றி வீட்டுக்குள் கொண்டுபோய்விடுகிறேன். எலி ஒயரைக் கடிக்காமல் இருக்க கேட்டில் அடித்த வலை ஓரளவு உதவுகிறது, முழுதாக இல்லை.

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த பேய்மழையை இந்தப் பக்கம் யாரும் மறக்க மாட்டார்கள். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. எங்கள் ஷெட்டில் கணுக்காலுக்கு மேல் தண்ணீர் நின்று, தேரி மணல் என்பதால் சீக்கிரம் இறங்கிவிட்டது. தாழ்வான இடத்தில் ஷெட் வைத்திருப்பவர்கள் ஒன்றை யோசித்து வையுங்கள். பிளக்கை மாட்டியிருந்தால் வெள்ளத்தில் வள்ளம் டிரெய்லரோடு மிதந்து கூரையை முட்டும், கழற்றியிருந்தால் சேறு உள்ளே வரும். சேற்றைக் கழுவிவிடலாம் என்பதால் நான் கழற்றி வைப்பதுடன், சுவரில் வளையம் அடித்துக் கயிற்றால் கட்டியும் வைக்கிறேன்.

டிரெய்லர்தான் கடைசித் தலைவலி. சதுரக் குழாயில் செய்து பெயின்ட் அடித்தது. வெளியே பளபளவென்றிருக்க, குழாய்க்குள் புகுந்த கடல் தண்ணீர் உள்ளிருந்தே தின்கிறது. சுத்தியலால் தட்டினால் சத்தம் மாறுகிற இடம் போய்விட்ட இடம். வாங்குகிறவர்கள் திறந்த சேனலில் செய்து, வெல்டிங் முடிந்த பிறகு கால்வனைஸ் போட்டதை வாங்குங்கள். பேரிங் விஷயத்தில், ஓடிவந்த சூட்டோடு சக்கரத்தைக் கடலில் இறக்கக் கூடாது. உள்ளே இருக்கும் காற்று சட்டென்று குளிர்ந்து சுருங்கி, சீல் வழியாக உப்புத் தண்ணீரை இழுக்கும். கரையில் ஒரு டீ குடித்துவிட்டு இறக்கினால் சரி. அதிக நாள் நிறுத்தும்போது ஆக்ஸிலுக்கு அடியில் பனங்கட்டை கொடுத்து டயரைத் தரையிலிருந்து தூக்கிவிடுகிறேன். ஹாலோ பிளாக் வைக்காதீர்கள், ஒரே இடத்தில் பாரம் விழுந்தால் அது சொல்லாமல் உடையும்.

இந்தக் கோடையில் டிரெய்லரின் நடுக் குறுக்குச் சட்டம் இரண்டையும் வெட்டி மாற்றப் போகிறோம். கச்சான் தொடங்குவதற்குள் முடித்தால் வள்ளத்தை மறுபடி அதில் ஏற்றிவிடலாம், அதுவரை அது ஷெட்டுத் தரையில் பழைய டயர்கள் மேல்தான்.