ஃபால்அவுட்டா, ஃபைனல் ரெக்கனிங்கா?

மிஷன் இம்பாசிபிள் வரிசையின் எட்டாவது படம் 'தி ஃபைனல் ரெக்கனிங்' 2025 மே மாதம் வந்தது. தியேட்டரில் பார்த்துவிட்டு வந்த கையோடு, 2018இல் வந்த ஆறாவது படம் 'ஃபால்அவுட்'டை வீட்டில் மறுபடி ஓடவிட்டேன். இரண்டுக்கும் இயக்குநர் கிறிஸ்டோபர் மெக்குவாரிதான். நம்பத்தான் முடியவில்லை.

ஃபால்அவுட் 147 நிமிடம், புதியது 169. கூடுதல் நேரம்கூடப் பிரச்சினையில்லை. முதல் ஒரு மணி நேரம் இருட்டறைகளில் ஆளாளுக்குக் கதை விளக்குகிறார்கள். ஒருவர் தொடங்கிய வாக்கியத்தை இன்னொருவர் முடிக்கிறார். நடுநடுவே பழைய படங்களின் துண்டுகள் வேறு. ஃபால்அவுட்டில் விஷயம் மூன்று புளுட்டோனிய உருண்டைகள். நண்பர் லூதரைக் காப்பாற்றப் போய் நாயகன் ஈத்தன் (டாம் குரூஸ்) அவற்றைக் கோட்டை விடுகிறார், இனி தேட வேண்டும். அவ்வளவுதான்.

வில்லன் விஷயத்திலும் அப்படியே. பாரிஸ் கழிப்பறைச் சண்டையில் ஹென்றி கேவில் கோட்டைக் கழற்றிவிட்டு, துப்பாக்கியை லோடு செய்வதுபோல இரண்டு கைகளையும் உதறுவாரே, அந்த ஒரு நொடியில் ஆள் யாரென்று தெரிந்துவிடுகிறது. புதியதில் எதிரி ஒரு செயற்கை நுண்ணறிவு. அதை எப்படிக் குத்துவது? அதனால் கேப்ரியல் என்று ஒருவரை நிறுத்தியிருக்கிறார்கள்; மனதில் நிற்கவில்லை.

ஆனால் நீர்மூழ்கிக் காட்சி வேறு ரகம். கடலடியில் கிடக்கும் செவஸ்தபோல் என்ற நீர்மூழ்கி மெல்லப் புரள, உள்ளே டார்பிடோக்கள் உருள, ஈத்தன் தனியாக. கிட்டத்தட்ட வசனமே இல்லை. பக்கத்து சீட்டுக்காரர் பாப்கார்னை வாயருகே கொண்டுபோனவர் அப்படியே உட்கார்ந்திருந்தார். இதற்கு ஈடாக ஃபால்அவுட்டில் எதுவும் இல்லை.

அப்புறம் டான்லோ! 1996இல் வந்த முதல் படத்தில், ஈத்தன் கயிற்றில் தொங்கித் திருடினாரே, அந்த அறையின் ஊழியர். அன்று அலாஸ்காவுக்குத் தூக்கியடிக்கப்பட்டவரை இத்தனை வருடம் கழித்துக் கூட்டிவந்து மரியாதை செய்திருப்பது அழகு.

கிளைமாக்ஸ் இரண்டிலும் ஒரே அச்சுதான். வில்லன் வானத்தில் தப்புவான், ஈத்தன் தொற்றி ஏறுவார், கீழே நண்பர்கள் குண்டோடு போராடுவார்கள். புதியதில் விமானச் சிறகில் டாம் குரூஸின் முகம் காற்றில் கிழிந்துபோகிற மாதிரி ஆடுவதைப் பார்த்தால், ஃபால்அவுட் ஹெலிகாப்டரே கொஞ்சம் சாதுவாகத் தெரிகிறது. ஆனால் அங்கே கீழே குண்டுக்குப் பக்கத்தில் ஈத்தனின் முன்னாள் மனைவி ஜூலியா இருந்தாள். மேலே ஈத்தன் தடுமாறும்போதெல்லாம் நமக்கு அவள் நினைப்புதான்.

என் ஓட்டு ஃபால்அவுட்டுக்கு. புதியதை டிவியில் போட்டால், நீர்மூழ்கி வரும்வரை ஓட்டிவிட்டுப் பார்ப்பேன்.