சொந்தப் பெயரில் ஒரு டொமைன்: ஆறாண்டுப் பயன்பாட்டுக்குப் பின் ஒரு மதிப்புரை

என் பெயரையே டொமைனாக, அதாவது இணையத்தில் எனக்கென்று ஒரு முகவரியாக, பதிவு செய்து ஆறு ஆண்டுகள் ஆகின்றன. இதற்கிடையே ஒரு பதிவு நிறுவனத்திலிருந்து இன்னொன்றுக்கு மாறியும் இருக்கிறேன். இரண்டின் பெயரையும் சொல்லாமல் விடுகிறேன். நான் பட்ட சங்கடங்களில் பெரும்பாலானவை இந்தச் சேவை வகுக்கப்பட்ட முறையிலிருந்தே வருபவை என்பதால், எந்த நிறுவனத்திடம் போனாலும் அவை கூடவே வரும். தொழிலுக்காகத் தளம் அமைப்பவர்களுக்கு இதில் புதிதாக ஒன்றும் இருக்காது. இணையத்தில் தன் பெயர் தன் கையில் இருக்க வேண்டும் என்ற ஒரே காரணத்துக்காக டொமைன் வாங்கலாமா என்று யோசிப்பவர்களை மனத்தில் வைத்தே எழுதுகிறேன்.

முதலில் நிறைகளைச் சொல்லிவிடுகிறேன். சமூக ஊடகத்தில் நாம் வைத்துக்கொள்ளும் பயனர் பெயர், அந்த நிறுவனம் விட்டுவைக்கும் வரைதான் நம்முடையது. ட்விட்டர் 2023 ஜூலையில் எக்ஸ் என்று தன் பெயரை மாற்றிக்கொண்டபோது, அந்த ஒற்றை எழுத்தை 2007 முதல் பயனர் பெயராக வைத்திருந்தவரிடமிருந்து அதை எடுத்துக்கொண்டு, அவருடைய கணக்குக்கு வேறு பெயர் கொடுத்துவிட்டது. டொமைனில் அவ்வளவு எளிதாக யாரும் கை வைக்க முடியாது. கட்டணம் கட்டிவரும் வரை பதிவு நம் பெயரில் நிற்கும். நிறுவனம் பிடிக்காவிட்டால் டொமைனோடு வேறு நிறுவனத்துக்குப் போய்விடலாம். வேறொருவர் உரிமை கொண்டாடினால் 1999 முதல் நடப்பில் உள்ள விதிகளின்படி நடுவர் குழுவின் முன் அவர் வழக்காட வேண்டும். நடிகை ஜூலியா ராபர்ட்ஸ் தன் பெயரிலான டாட் காம் முகவரியை 2000-ஆம் ஆண்டில் இவ்வழியில்தான் இன்னொருவரிடமிருந்து மீட்டார். அதே ஆண்டில் பாடகர் ஸ்டிங் தோற்றுப்போனார். அவருடைய மேடைப்பெயர் ஆங்கிலத்தில் எல்லோரும் புழங்கும் சாதாரணச் சொல்லாகவும் இருந்தது அவருக்கு எதிராக நின்ற காரணங்களுள் ஒன்று. இந்த நடுவர் குழு கேட்பது வணிகச் சின்னத்துக்கான உரிமையை. ஒருவருக்குப் பெற்றோர் இட்ட பெயர் என்பது மட்டும் அங்கே எடுபடாது. என் பெயரிலேயே பல்லாயிரம் பேர் இருக்கும் நிலையில், முந்திக்கொண்டு பதிவு செய்வதைத் தவிர எனக்கு வேறு வழி இருக்கவில்லை.

இனிப் படிவத்துக்கு வருகிறேன், ஏனெனில் இந்தச் சேவையின் மிக மோசமான பகுதி அதுதான். எனக்கு இருப்பது ஒரே பெயர். படிவமோ முதற்பெயர், குடும்பப்பெயர் என்று இரண்டு கட்டங்களை வைத்துக்கொண்டு, இரண்டாவதை நிரப்பாமல் அடுத்த பக்கத்துக்கு விடவில்லை. வேறு வழியின்றி அதில் ஒரு புள்ளியை இட்டேன்; உடனே ஏற்றுக்கொண்டது. அன்று முதல் எனக்கு வந்த ஒவ்வொரு ரசீதும் ஒவ்வொரு நினைவூட்டல் மடலும் ‘அன்புள்ள திரு’ என்று தொடங்கி, ஓர் இடைவெளி விட்டு, அந்தப் புள்ளியோடு முடிந்தது. மனிதர்களின் பெயருக்கென்றே 2001-இல் உருவாக்கப்பட்ட டாட் நேம் என்ற வகைகூட, முதலில் இரண்டு பெயர்களைப் புள்ளியிட்டு இணைத்த வடிவில்தான் பதிவுகளை ஏற்றது. ஒற்றைப் பெயரை நேரடியாகப் பதிவு செய்ய 2004 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. பெயர்களை விற்பதையே தொழிலாகக் கொண்டவர்கள் பெயர்களைப் பற்றி இவ்வளவு குறைவாக யோசித்திருப்பது எனக்கு இன்றும் வியப்பாகவே இருக்கிறது.

நிறுவனம் மாற முயன்ற நாளில் அந்தப் புள்ளி வேடிக்கையாக இருப்பதை நிறுத்திக்கொண்டது. டொமைனை விடுவிப்பதற்கு முன் பழைய நிறுவனம் அடையாள அட்டையின் நகலைக் கேட்டது. அட்டையில் உள்ள பெயரும் பதிவில் உள்ள பெயரும் பொருந்தவில்லை என்று திருப்பி அனுப்பியது. சரி, பதிவைத் திருத்துவோம் என்று புள்ளியை அழித்துவிட்டு இரண்டு கட்டங்களிலும் என் பெயரையே இட்டேன். டொமைன்களுக்கான விதிகளை வகுக்கும் ஐகேன் அமைப்பு 2016 டிசம்பரில் நடைமுறைப்படுத்திய கொள்கையின்படி, பதிவில் உள்ளவரின் பெயரை மாற்றுவது உரிமையாளரையே மாற்றுவதாகக் கருதப்படும் என்பது அப்போது எனக்குத் தெரியாது. சில நிமிடங்களில் ஒரே முகவரிக்கு இரண்டு மடல்கள் வந்தன. ஒன்று பழைய உரிமையாளருக்கு: உங்கள் டொமைனை இன்னாருக்குக் கொடுக்கச் சம்மதமா? மற்றொன்று புதிய உரிமையாளருக்கு: இன்னாரிடமிருந்து இதைப் பெற்றுக்கொள்ளச் சம்மதமா? நான் எனக்குக் கொடுக்கச் சம்மதித்து, என்னிடமிருந்து பெற்றுக்கொள்ளவும் சம்மதித்தேன். கொடுத்தவருக்கும் பெற்றவருக்கும் இடையே இருந்த வேறுபாடு அந்த ஒரு புள்ளிதான். அதன்பின் 60 நாட்களுக்கு, வேறு நிறுவனத்துக்கு மாற்ற முடியாதபடி டொமைன் பூட்டப்பட்டது. இடமாற்றக் குறியீட்டைக் கையில் வைத்துக்கொண்டு இரண்டு மாதம் சும்மா இருந்தேன். பூட்டு வேண்டாம் என்று சொல்லும் வசதியைப் பல நிறுவனங்கள் தருகின்றன, ஆனால் பெயரை மாற்றுவதற்கு முன்பே அதைத் தேர்ந்தெடுத்திருக்க வேண்டும். புதிதாக வாங்குபவர்கள் முதல் நாளிலேயே அடையாள அட்டையில் உள்ளபடியே பெயரைப் பதிவதும், நிறுவனம் மாறும் எண்ணம் இருந்தால் இந்த வசதியைத் தேடிப் பார்ப்பதும் நல்லது.

அந்தரங்கத்தைப் பொறுத்தவரை குறை சொல்ல ஏதுமில்லை. ஐரோப்பிய ஒன்றியத்தின் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2018 மே 25 அன்று நடைமுறைக்கு வரும்வரை, டொமைன் வைத்திருப்பவரின் வீட்டு முகவரியும் தொலைபேசி எண்ணும் பொதுவாக யார் தேடினாலும் கிடைக்கும்படி இருந்தன. இப்போது பெரும்பாலும் மறைக்கப்படுகின்றன.

தமிழ் எழுத்திலும் அதே பெயரைப் பதிவு செய்தேன், அது எனக்கு அரை மகிழ்ச்சியைத்தான் தந்தது. உள்ளே கணினிகள் அதை ரோமன் எழுத்தும் எண்ணும் கலந்த ஒரு நீண்ட குறியீடாக மாற்றியே கையாள்கின்றன. மடல்களிலும் அரட்டைச் செயலிகளிலும் ஒட்டும்போது சில இடங்களில் அந்தக் குறியீடே வெளியே தலைகாட்டி, ஏதோ மோசடி இணைப்பு போலத் தோற்றம் தருகிறது. போதாக்குறைக்கு என் பெயரில் ஓர் ஔகாரம் உண்டு. ‘கௌ’ என்று ஒரே உயிர்க்குறியோடு எழுதுவதும், ‘கெள’ என்று கெகரத்தின் பின் ளகரத்தைத் தட்டுவதும் திரையில் ஏறத்தாழ ஒன்றாகவே தெரியும். கணினிக்கு அவை இரண்டு வெவ்வேறு பெயர்கள். முகவரியைத் தவறாகத் தட்டிய நண்பர்கள் தளம் இல்லை என்று சொன்ன பிறகு, எழுத்துப் பிழையான என் பெயரையும் கட்டணம் கட்டி வாங்கி வைத்திருக்கிறேன். தமிழ் எழுத்தில் அமைந்த மின்னஞ்சல் முகவரியோ இன்னும் பல படிவங்களில் செல்லாது என்றே திருப்பி அனுப்பப்படுகிறது.

இந்தச் சேவையை வாங்குவது என்று சொல்கிறோமே தவிர, குத்தகை என்பதே சரியான சொல். டாட் காம் போன்றவற்றை ஒரே நேரத்தில் அதிகபட்சம் 10 ஆண்டுகளுக்குத்தான் பதிய முடியும். தவணை தவறினால் நிறுவனத்தைப் பொறுத்து 45 நாட்கள் வரை வழக்கமான கட்டணத்தில் புதுப்பிக்கலாம். நிறுவனம் பதிவை நீக்கிவிட்டால் அதற்கு மேல் 30 நாட்கள், கணிசமான கூடுதல் கட்டணத்தோடு மீட்கலாம். பின் 5 நாட்கள் எவரும் தொட முடியாது. ஆறாவது நாள் என் பெயர் கேட்பவர் எவருக்கும் கிடைக்கும். தானியங்கிப் புதுப்பித்தலை நம்பியிருப்பவர்கள் வங்கி அட்டை காலாவதியாகும் தேதியையும் குறித்து வைத்துக்கொள்ள வேண்டும். முதலாண்டுக் கட்டணத்தைக் குறைத்துக் காட்டிப் பின்னர் ஏற்றுவது இத்துறையில் பரவலான வழக்கம் என்பதால், நான் புதுப்பித்தல் கட்டணத்தை மட்டுமே ஒப்பிட்டுப் பார்க்கிறேன்.

இப்போதைய நிறுவனத்தின் உதவிப் பிரிவு விரைவாகவும் மரியாதையாகவும் பதில் தருகிறது. சென்ற மாதம் அவர்களிடம் ஒன்று கேட்டேன்: எனக்குப் பின் இந்த டொமைனை என் மகள் பெயருக்கு மாற்ற என்ன செய்ய வேண்டும்? ஒரு மணி நேரத்திற்குள் பதில் வந்தது. தற்போதைய உரிமையாளருக்கு ஓர் உறுதிப்படுத்தும் மடல் அனுப்பப்படும் என்றும், அவர் அதில் சம்மதம் தெரிவித்தால் போதும் என்றும் எழுதியிருந்தார்கள்.