வீச்சு வலையைப் பழுதுக்குக் கொடுக்குமுன் ஈயத்தை எண்ணிவிடுங்கள்

முத்துப்பேட்டைப் பக்கம் கொடுவா மீனுக்குத் தூண்டில் போடுகிறவர்கள், இரை பிடிக்க வீச்சு வலை வைத்திருப்பவர்கள் எல்லாரும் இதைப் படித்துவிடுங்கள். பழுது பார்க்கக் கொடுத்த என் வலை, பாதிக்கு மேல் ஈயத்தைப் பறிகொடுத்துத் திரும்பி வந்திருக்கிறது.

அது அப்பா கையால் பின்னிய நைலான் நூல் வலை. ஆறு முழம். அடிக்கயிற்றில் 210 ஈய மணிகள், ஒவ்வொன்றும் 20 கிராம். அவரே உருக்கி வார்த்தவை. 2018 நவம்பரில் கஜா புயல் எங்கள் கூரையைப் பிய்த்த ராத்திரி, ரேஷன் கார்டு இருந்த பையோடு இந்த வலையையும் சாக்கில் சுருட்டிக்கொண்டுதான் அம்மா வெளியேறினார். அப்பா போய் மூன்று வருஷமாகிறது. எனக்கு வலை வீசத் தெரியும், பின்னத் தெரியாது.

கொடுவாவுக்கு உயிரோடு இருக்கும் இரைதான் சரி. விரல் நீள மடவை மீன், கிடைக்காவிட்டால் இறால். இரண்டும் அலையாத்திக் காட்டு ஓரத்தில்தான் கூடும். அங்கே மூச்சுவேர்கள் சேற்றிலிருந்து ஆணி அடித்து வைத்ததுபோல நிற்கும். அதில் மாட்டி வலையில் இரண்டு பெரிய ஓட்டை. நண்டு கடித்தவை ஏழெட்டு.

பக்கத்து டவுனில் வலையும் கயிறும் விற்கிற ஒரு கடையில் கொடுத்தேன். 1,800 ரூபாய் பேச்சு, 1,000 முன்பணம். நாலு நாளில் தருவதாகச் சொன்னது பதினேழு நாளானது. மீதியையும் வாங்கிக்கொண்டு வலையைப் பந்தாகச் சுருட்டிப் பையில் கட்டித் தந்தார்கள்.

"ஒரு தடவ பிரிச்சுப் பாத்துக்கிறேண்ணே."

"பக்காவா இருக்கு தம்பி. இங்க பிரிச்சா சிக்கிக்கும், வீட்ல போய்ப் பாருங்க."

அந்தப் பேச்சை நம்பி எடுத்து வந்தேன். மறுநாள் விடியலில் வீசினால், வட்டமாக விரிய வேண்டிய வலை வாழையிலை மாதிரி நீளமாய் விழுகிறது. தண்ணீரில் இறங்கவும் நேரம் பிடித்தது. மடவைகள் அடிக்கயிற்றுக்குக் கீழே புகுந்து அந்தப் பக்கம் துள்ளுவதைக் கண்ணெதிரே பார்த்தேன். எட்டு வீச்சுக்கு மூன்றே குஞ்சு. அன்றைக்குத் தூண்டில் போடவே இல்லை.

வீட்டுக்கு வந்து வேப்பமரக் கிளையில் உச்சியைக் கட்டித் தொங்கவிட்டதும் தெரிந்துவிட்டது. ஓட்டையை அடைக்க ஒரு முறை இருக்கிறது. கிழிந்த கண்ணிகளை வெட்டிச் சுத்தம் செய்து, மூன்று கால், அதாவது அறுபடாத மூன்று நூல், மிஞ்சியிருக்கிற முடிச்சில் ஆரம்பித்து, வரிசை வரிசையாகப் புதுக் கண்ணி பின்னி, இன்னொரு மூன்று கால் முடிச்சில் கொண்டுபோய் முடிக்க வேண்டும். இவர்கள் கோணிச் சாக்கின் வாயைத் தைப்பதுபோல ஓரங்களை இழுத்துச் சேர்த்துத் தைத்திருந்தார்கள். ஒரு முழ அகலம் நாலு விரலாகச் சுருங்கி, சுற்றியிருந்த நல்ல கண்ணிகளும் அதை நோக்கிக் கூம்பிக் கிடந்தன. அப்புறம் வலை எப்படி விரியும்?

நூலும் நைலான் இல்லை. ஒரு துண்டை வெட்டி டம்ளர் தண்ணீரில் நன்றாக அமுக்கி விட்டேன், மேலே வந்து மிதந்தது. நைலான் என்றால் மூழ்கும்.

எனக்கு வயிறு எரிந்தது ஈயத்தைப் பார்த்துத்தான். சில மணிகளில் பெயின்ட் வாடை. நகத்தால் கீறினால் ஈயம் பளிச்சென்று கோடு விழும், இவற்றில் விழவில்லை. பையனின் பொம்மையிலிருந்த காந்தத்தை எடுத்து அடிக்கயிறு நெடுக ஓட்டினேன். டிக், டிக்கென்று ஒட்டிக்கொண்டே வந்தது. எண்ணினேன்: 114 இரும்பு. அதே பருமனில் செய்து கறுப்புப் பூசியிருக்கிறார்கள். ஈயம் தண்ணீரைவிட 11 மடங்குக்கு மேல் கனம், இரும்பு 8 மடங்குகூட வராது. வலை மெதுவாக இறங்கியது இதனால்தான். உப்புத் தண்ணீரில் அந்த இரும்பு துருப்பிடித்து, உள்ளே ஓடுகிற கயிற்றையும் அரித்துவிடும். என் வலையிலிருந்து போனது இரண்டேகால் கிலோ ஈயம்.

திரும்பப் போய்க் கேட்டேன். "உங்க ஈயம் தேஞ்சு போயிருந்துச்சு, மாத்திக் கொடுத்தோம்" என்றார். கழற்றிய ஈயத்தைக் கொடுங்கள் என்றதற்கு, "அது எடைக்குப் போயிடுச்சு தம்பி." பில்லும் இல்லை, பணமும் திரும்பவில்லை.

கொடுக்கும் முன்னால் வலையைக் காயவைத்துத் தராசில் போட்டுப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். மணி எத்தனை என்று கடைக்காரர் கையாலேயே எழுதி வாங்குங்கள். திரும்ப வாங்கும்போது கடை வாசலிலேயே தொங்கவிட்டுப் பாருங்கள். சிக்கிக்கொள்ளும் என்று சொன்னால் மீதிப் பணத்தைக் கொடுக்காதீர்கள். முடிந்தால் கரையில் உட்கார்ந்து வலை பின்னுகிற பெரியவர்களிடம் கொடுத்து, பக்கத்திலேயே இருந்து வாங்கி வாருங்கள். கூலி கொஞ்சம் கூடினாலும் பரவாயில்லை. ஓட்டை சின்னதாக இருக்கும்போதே கொடுத்துவிடுங்கள். பிடித்து முடித்ததும் நல்ல தண்ணீரில் அலசி நிழலில் உலர்த்துங்கள், வெயில் நைலானை இற்றுப்போக வைக்கும். மீன் வாடையோடு மூலையில் போட்டால் எலி கடிக்கும்.

இப்போது அப்பாவோடு தொழிலுக்குப் போன பெரியப்பா ஒருவர் அந்தத் தையலையெல்லாம் வெட்டிவிட்டு முறையாகப் பின்னிக்கொண்டிருக்கிறார். மூன்று கால் முடிச்சை எப்படித் தேடுவதென்று முதல் நாளே என் கையில் ஊசியைக் கொடுத்துக் காட்டினார். அப்பாவின் வார்ப்பு அச்சு பரணில் கிடைத்தது. கொல்லையில் அடுப்பு மூட்டி நேற்றுவரை 40 மணி வார்த்திருக்கிறேன். இன்னும் 74 வேண்டும்.