பழைய பாணி ஆர்.பி.ஜி. விளையாட்டுகள்: எது உண்மையிலேயே பழைய வழியில் நடக்கிறது?

ஆர்.பி.ஜி. என்பது ஒரு பாத்திரத்தை உருவாக்கி, அதுவாகவே நடந்து, அதை வளர்க்கும் கணினி விளையாட்டு. 1998ஆம் ஆண்டின் இறுதியில் வெளிவந்த அத்தகைய ‘பால்டர்ஸ் கேட்’ விளையாட்டில், முதல் நிலையிலுள்ள மந்திரவாதியைத் தனியே காட்டுக்குள் அனுப்பினால் ஓர் ஓநாயே அவர் கதையை முடித்துவிடும். அந்தப் பலவீனத்தை அறிந்து, முன்னே வாள்வீரரை நிறுத்தி, ஒற்றை மந்திரத்தை எப்போது செலவிடுவது என்று கணக்கிட்டு அவரை வளர்த்தெடுப்பதே அந்த விளையாட்டின் சுவை. 2012க்குப் பிறகு, பெரும்பாலும் கிக்ஸ்டார்ட்டர் இணையதளத்தில் ரசிகர்களிடம் திரட்டிய நிதியால், உயிர்பெற்ற ‘பழைய பாணி’ விளையாட்டுகளை ஒப்பிடும்போது, மேலிருந்து பார்க்கும் காட்சிக் கோணத்தையோ பக்கம் பக்கமான உரையாடலையோ நான் அளவுகோலாகக் கொள்ளவில்லை. நாம் உருவாக்கிய பாத்திரத்தின் பலத்துக்கும் குறைக்கும் அந்த உலகம் மெய்யாகவே பதில் சொல்கிறதா என்பதே என் கேள்வி.

அப்சிடியன் நிறுவனம் ஏறத்தாழ 40 லட்சம் டாலர் திரட்டி 2015இல் வெளியிட்ட ‘பில்லர்ஸ் ஆஃப் எடர்னிட்டி’, தோற்றத்தில் பழைய விளையாட்டுகளுக்கு மிக நெருங்கியது. ஆறு பேர் கொண்ட குழு, தேவைப்படும்போது நிறுத்தி ஆணையிடும் போர்முறை, கையால் தீட்டியது போன்ற பின்னணிகள் எல்லாம் அப்படியே இருக்கின்றன. ஆனால் விதிகளைத் திறந்து பார்த்தால் அதன் நோக்கம் வேறு என்பது புரியும். வாளின் வெட்டும் மந்திரத்தின் தாக்கமும் துப்பாக்கியின் குண்டும் ‘மைட்’ என்ற ஒரே பண்பால் கூடுகின்றன. மந்திரவாதி, வாள்வீரர் என எந்த வகைப் பாத்திரத்துக்கும் எந்தப் பண்பும் பயன்பட வேண்டும், தவறாக உருவாக்கப்பட்ட பாத்திரம் என்று ஒன்று இருக்கக் கூடாது என்பது இதை வடிவமைத்த ஜாஷ் சாயரின் எண்ணம். அது நல்லெண்ணமே என்றாலும், குறையே இல்லாத பாத்திரத்திடம் பலமும் மங்கித் தெரிகிறது. பத்து மணி நேரம் கழிந்த பின்னும் என் மந்திரவாதி எதில் வல்லவர், எதில் வல்லவரல்லர் என்று என்னால் தெளிவாகச் சொல்ல முடியவில்லை.

இருந்தும் இந்த விளையாட்டின் உலகத்தை நான் பெரிதும் மதிக்கிறேன். டயர்வுட் நாட்டில் குழந்தைகள் ஆன்மா இல்லாமல் பிறக்கின்றன. அதற்கு யார் பொறுப்பு என்று தேடும் மக்களின் அச்சமும், ஆன்மாவை ஆராயும் கலையின் மீது அவர்கள் காட்டும் வெறுப்பும், கடவுளர்களைப் பற்றி இறுதியில் எழும் கேள்வியும் இந்த வகை விளையாட்டுகளில் அரிதாகக் கிடைக்கும் கனமான எழுத்து. எதிரிகளைக் கொன்று குவிப்பதற்கு அனுபவப் புள்ளி கிடையாது. அந்த உயிரினத்தைப் பற்றிய குறிப்பு நிரம்பும் வரை மட்டுமே சிறிது கிடைக்கும். ஆகவே சண்டையைத் தவிர்த்துச் செல்பவர் பெரிதாக எதையும் இழப்பதில்லை. புதிதாக ஆடுபவர்களுக்கு ஒரு வார்த்தை: தங்க நிறப் பெயர்ப்பலகையுடன் நிற்பவர்கள் நிதி அளித்தவர்களின் கற்பனைப் பாத்திரங்கள், அவர்களுக்கும் முதன்மைக் கதைக்கும் தொடர்பில்லை, கடந்து சென்றுவிடலாம்.

பெல்ஜியத்தின் லாரியன் நிறுவனம் 2017இல் வெளியிட்ட ‘டிவினிட்டி: ஒரிஜினல் சின் 2’ பால்டர்ஸ் கேட்டின் வாரிசு அன்று. மாவையும் நீரையும் சேர்த்துப் பிசைந்து அடுப்பில் இட்டால் ரொட்டியாகும் ‘அல்டிமா 7’ விளையாட்டின் வழிவந்தது அது. அந்த 1992ஆம் ஆண்டு விளையாட்டின் மீதுள்ள பற்றை நிறுவனத் தலைவர் ஸ்வென் விங்க்கே பலமுறை வெளிப்படையாகச் சொல்லியிருக்கிறார். தரையில் சிந்திய எண்ணெயில் நெருப்பு பட்டால் தீப்பற்றும், அதன் மீது மழை பெய்தால் நீராவி எழும், நீரில் மின்னல் பாய்ந்தால் அதில் நிற்பவர் செயலற்றுப் போகக்கூடும். கதையின் தொடக்கத்தில் நம்மை அடைத்துவைக்கும் ஃபோர்ட் ஜாய் கோட்டையிலிருந்து தப்ப எத்தனையோ வழிகள் உள்ளன. கடற்கரை முதலைகளை வென்று பெறும் கையுறையால் தோழரைத் தூக்கி மதிலுக்கு அப்பால் வைப்பதும் அவற்றில் ஒன்று. ‘பெட் பால்’ திறமையைத் தேர்ந்தவருக்கு நாயும் எலியும் பேசும், அவை சொல்லும் செய்தி வழியைத் திறக்கும். நான் கேட்ட கேள்விக்கு இதைவிடத் தெளிவான பதில் இருக்க முடியாது.

குறை அதன் எண்களில் இருக்கிறது. உடற்கவசம், மந்திரக் கவசம் என்ற இரண்டு அரண்களில் அந்தந்தத் தாக்குதலுக்கு உரியதை உடைக்கும் வரை வீழ்த்தலோ உறைவோ பலிக்காது என்பதால், குழுவில் நால்வரும் ஒரே வகைத் தாக்குதலை மேற்கொள்வதே இலாபம் என்று ஆகிவிடுகிறது. நிலை உயர உயர எண்கள் பெருகுவதால், சற்று முன் பெருமையோடு பெற்ற வாள் இரண்டு நிலை கழிந்ததும் பழைய இரும்பாகிறது.

பகடையை முழுமனதோடு நம்புவது ஔல்கேட் நிறுவனத்தின் ‘பாத்ஃபைண்டர்: கிங்மேக்கர்’. 2018இல் வந்த இந்த விளையாட்டு, மேசையில் ஆடப்படும் பாத்ஃபைண்டர் விதிநூலை ஏறத்தாழ முழுமையாகவே கணினிக்குக் கொண்டுவந்தது. தொடக்கத்திலேயே எதிர்ப்படும் ஃபேங்பெர்ரி குகையில் சிலந்திக் கூட்டம் ஒன்று இருக்கிறது. சிறு உயிர்களின் திரள் என்பதால் வாளும் அம்பும் அதைத் தொடா. தீ, அமிலம் போன்றவைதான் அழிக்கும். இதைப் பலர் அநியாயம் என்று சொல்லக் கேட்டிருக்கிறேன். எனக்கு அது விளையாட்டு தன் இலக்கணத்தை நேர்மையாக அறிமுகப்படுத்தும் இடம். அடுத்து காலம்: ஓய்வெடுத்தால் நாள் கழியும், மூட்டை கனத்தால் நடை தளரும், தாமதித்தால் நாம் ஆளும் நாடே சரிந்து ஆட்டம் முடியும். ஆட்சி நடத்தும் பகுதி சலிப்பூட்டுவதும், அரண்மனைக்கும் வரைபடத்துக்கும் இடையே ஒவ்வொரு முறையும் அடுத்த காட்சி திறக்கும் வரை காத்திருப்பதும், இறுதி அத்தியாயத்தில் செயலிழக்கவைக்கும் எதிரிகளைத் தொடர்ந்து அடுக்கியிருப்பதும் உண்மையான குறைகள். ஆட்சியைத் தானியங்கியாக்கும் வசதியும், 2020இல் சேர்க்கப்பட்ட முறைவைத்து ஆடும் போர்முறையும் அவற்றைப் பெரிதும் தணிக்கின்றன.

அயர்ன் டவர் நிறுவனத்தின் ‘ஏஜ் ஆஃப் டெக்கடன்ஸ்’ (2015) இவற்றுள் மிகக் கடுமையானது. குழு கிடையாது, ஒரே ஆள். பேச்சில் வல்ல வணிகர் ஒருமுறைகூட வாளெடுக்காமல் கதையை முடிக்கலாம், அதே வணிகர் தெருச்சண்டையில் இறங்கினால் பிழைப்பது அரிது. புள்ளிகளைச் சேமித்துவைத்துத் தேவைப்படும் இடத்தில் செலவிடுபவரே வெல்கிறார் என்பது மட்டும் உறுத்துகிறது.

இவற்றில் எதற்கும் தமிழ் வடிவம் இல்லை. உரையாடல் முழுவதையும் குரலாகக் கேட்க முடிவது டிவினிட்டியில்தான் என்பதாலும், நண்பர்களுடன் நால்வராக ஆட முடிவதாலும் புதியவர்கள் அதிலிருந்து தொடங்கலாம். நிதானமாக வாசிக்க விரும்புவோருக்கு பில்லர்ஸ். எனக்கு மிகப் பிடித்தது, எத்தனை குறை இருப்பினும், கிங்மேக்கர்தான். அதை வாங்குபவர்கள், கதையின் தொடக்கத்தில் வரும் ஒலெக்கின் வணிகச் சாவடியை விட்டுப் புறப்படும் முன், பையில் இரண்டு மூன்று தீக்குப்பிகள் இருக்கின்றனவா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.