ஒரு ரூபாய் இட்லி: பன்னிரண்டு வருட வாடிக்கையாளர் எழுதுவது

நான் ஏசி மெக்கானிக். ஒரு வீட்டில் வேலையை முடித்துவிட்டுப் படியிறங்குவதற்குள், எனக்கு எத்தனை நட்சத்திரம் என்று அந்த வீட்டுக்காரரின் போன் கேட்டுவிடும். "வேலை சுத்தம், ஆனால் சுவரில் கைரேகை" என்று எழுதி மூன்று போட்டவர்கள் உண்டு. தண்ணீர் கேட்டதற்காக இரண்டு போட்டவரும் உண்டு. ஊரே என்னை மதிப்பிடுகிறதே, நானும் ஒன்றை மதிப்பிடலாமே என்று தோன்றியது. எழுதுவதென்றால் அதிகத் தடவை சாப்பிட்ட இடத்தைப் பற்றித்தானே எழுத வேண்டும்? எனக்கு அது சென்னை மாநகராட்சி நடத்தும் அம்மா உணவகம்.

2013 ஜூனில் திருக்கோவிலூர்ப் பக்கத்திலிருந்து சென்னைக்கு வந்தேன். ஒரு மெக்கானிக்கிடம் ஹெல்பர் வேலை, நாள் கூலி 250 ரூபாய். திருவல்லிக்கேணியில் ஒரு மேன்ஷன், ஒரே அறையில் நாலு பேர். பக்கத்தில் ஒரு மெஸ்ஸில் மாதக் கணக்கு வைத்திருந்தேன். நான் சாப்பிடாத நாளும் நோட்டில் ஏறியிருக்கும். கேட்டால், "நீ மறந்திருப்பே தம்பி" என்பார் முதலாளி. கையேந்தி பவனில் ஒரு இட்லி ஏழு ரூபாய். ஏணியைத் தோளில் தூக்கிக்கொண்டு மூன்று மாடி ஏறுகிறவனுக்கு இரண்டு இட்லி எந்த மூலைக்கு?

அறைத் தோழன்தான் சொன்னான், கார்ப்பரேஷனில் இட்லி ஒரு ரூபாய் என்று. நான் நம்பவில்லை. ஒரு ரூபாய்க்கு விற்கிறார்கள் என்றால் அதில் ஏதோ இருக்கிறது என்றுதான் நினைத்தேன். அந்த வருடம் பிப்ரவரியில்தான் அன்றைய முதல்வர் ஜெயலலிதா சாந்தோமில் முதல் உணவகத்தைத் திறந்திருந்தார். நான் வந்து சேர்வதற்குள் நகரத்தின் 200 வார்டுகளுக்கும் வந்துவிட்டது. பிற்பாடு வார்டுக்கு இரண்டாகி, அரசு மருத்துவமனைகளில் இருப்பவற்றையும் சேர்த்து 400-ஐத் தாண்டியது.

முதல் நாள் ஐந்து ரூபாய் நாணயத்தை நீட்டினேன். ஒரு டோக்கன் வந்தது. தட்டில் ஐந்து இட்லி, அதன் தலையில் ஒரு கரண்டி சாம்பார். மீதி வாங்க வேண்டியதில்லை, கணக்கு முடிந்தது. கையைக் கழுவிக்கொண்டு வெளியே வந்து கொஞ்ச நேரம் சும்மா நின்றேன். யாராவது கூப்பிட்டு மிச்சப் பணம் கேட்பார்களோ என்று ஒரு சந்தேகம்.

அன்றைய விலை இது: இட்லி ஒரு ரூபாய், பொங்கல் ஐந்து, சாம்பார் சாதம் ஐந்து, எலுமிச்சை சாதமோ கறிவேப்பிலை சாதமோ ஐந்து, தயிர் சாதம் மூன்று. சப்பாத்தி கொஞ்சம் தாமதமாக வந்தது, ஒரு ஜோடி மூன்று ரூபாய். காலையில் நாலு இட்லி, மதியம் ஒரு சாம்பார் சாதமும் ஒரு தயிர் சாதமும், ராத்திரி நாலு சப்பாத்தி. மொத்தம் 18 ரூபாய். மெஸ்ஸில் கணக்கு வைத்திருந்த முதல் மாதம் வீட்டுக்கு 2,500 அனுப்பினேன். அடுத்த மாதம் 4,000. "ராத்திரியிலும் வேலை பார்க்கிறியாடா?" என்று அம்மா போனில் கேட்டாள்.

சரி, சாப்பாட்டுக்கு வருவோம்.

மல்லிகைப்பூ இட்லியை நினைத்துக்கொண்டு போகாதீர்கள். இது கொஞ்சம் கெட்டி. சாம்பாரில் ஊறப் போட்டாலும் கரையாமல் நிற்கும் ஜாதி. எனக்கு அதுவே பிடித்துப்போய், இப்போது ஓட்டலில் பஞ்சு மாதிரி இட்லி வைத்தால் ஏமாற்றுகிறார்களோ என்று இருக்கிறது. சாம்பாரில் அன்றைக்கு எந்தக் காய் மலிவோ அது கிடக்கும். சட்னி எதிர்பார்க்காதீர்கள். பொங்கலில் முந்திரியைத் தேடுகிறவர்கள் வேறு கடைக்குப் போகலாம். மிளகு இருக்கும், சூடு இருக்கும், எட்டரை மணிக்குள் போனால் இரண்டும் சரியாக இருக்கும்.

என் ஓட்டு தயிர் சாதத்துக்கு. மே மாதம் மொட்டை மாடியில் அவுட்டோர் யூனிட் பக்கத்தில் இரண்டு மணி நேரம் நின்று பார்த்தவனுக்குத்தான் அது புரியும். மேலே இருந்து வெயில், யூனிட்டிலிருந்து அனல். அதற்குப் பிறகு பிரியாணி இறங்காது. மூன்று ரூபாய்த் தயிர் சாதம் தொண்டையைத் தாண்டும்போதே உடம்பு ஒரு டிகிரி குறையும். ஆனால் மதியம் பன்னிரண்டு மணிக்கே போய்விட வேண்டும். இரண்டரைக்குப் போய்விட்டுக் காலி என்று முணுமுணுத்திருக்கிறேன், அது என் தப்பு.

நின்றுகொண்டுதான் சாப்பிட வேண்டும். எங்களை மாதிரி ஆட்களுக்கு அது சிரமமில்லை, ஐந்து நிமிட வேலை. ஆனால் வரிசையில் வருகிறவர்களைப் பாருங்கள். பெயிண்ட் ஒட்டிய சட்டைக்காரர், பைக்கை ஓரம் கட்டிவிட்டு ஓடிவரும் டெலிவரி பையன், ராத்திரி ஷிப்ட் முடித்த வாட்ச்மேன், சப்பாத்திக்காக மாலையில் கூட்டமாக வரும் பீகார், ஒடிசா கட்டட வேலைக்காரர்கள். இவர்களுக்கு நடுவே, கழுத்தளவு உயர மேசையில் தட்டை வைத்துவிட்டு ஒரு கையால் அதைப் பிடித்துக்கொண்டு சாப்பிடும் எழுபது வயதுப் பாட்டி. இந்த உணவகம் யாருக்கு மிக அவசியமோ அவர்களுக்குத்தான் அந்த மேசை எட்டவில்லை. ஒரு மூலையில் நாலு பெஞ்ச் போட எவ்வளவு ஆகிவிடப்போகிறது?

மெக்கானிக் புத்தி சும்மா இருக்காது. சாப்பிடும்போது என் கண் கவுண்டருக்குப் பின்னால் போய்விடும். இட்லி வேகும் ஸ்டீமரின் கதவு, அரவை கிரைண்டரின் சத்தம், எக்ஸாஸ்ட் ஃபேனின் இலைகளில் படிந்திருக்கும் எண்ணெய். ஒரு இயந்திரம் தினமும் மூன்று வேளை ஓடினால் அதன் ஆயுள் என்ன என்று எனக்குத் தெரியும். வீட்டு ஏசியை வருடத்துக்கு ஒருமுறை கழுவாதவர் நாலாம் வருடம் எனக்கு ஐந்து மடங்கு கொடுப்பார். 2013-இல் வாங்கிய பாத்திரமும் கிரைண்டரும் பத்து வருடத்துக்கு மேல் உழைத்தன. 2024 ஜூலையில் முதல்வர் ஸ்டாலின் தேனாம்பேட்டையில் ஒரு உணவகத்துக்குப் போய்ப் பார்த்தார். அதன்பிறகு 21 கோடி ரூபாய் ஒதுக்கினார்கள், ஏழு கோடி புதுப் பாத்திரம், சாமான்களுக்கு, பதினான்கு கோடி கட்டடங்களைச் சீர்படுத்த. நல்லது. ஆனால் இப்படிப் பழுதான பிறகு போய்ப் பார்ப்பதை எங்கள் தொழிலில் பிரேக்டவுன் சர்வீஸ் என்போம். வருடாந்திரப் பராமரிப்பு ஒப்பந்தம் போட்ட வீட்டில் அதற்கு வேலையே வராது.

எனக்கு உறுத்துகிற விஷயம் வேறு. இட்லி 2013-இல் ஒரு ரூபாய், இன்றும் ஒரு ரூபாய். இந்தப் பன்னிரண்டு வருடத்தில் சென்னையில் விலை ஏறாத வேறு பொருளை எனக்குக் காட்டுங்கள். ஒரு இட்லிக்கு ஆகும் செலவு ஒரு ரூபாயைவிட எவ்வளவோ அதிகம், மீதியை மாநகராட்சிதான் சுமக்கிறது. அதில் எனக்குக் குறையே இல்லை. வரி கட்டுகிறவனாகவும் சொல்கிறேன், அந்த வரியில் நான் பார்த்து, தொட்டு, மென்று தின்ற ஒரே செலவு இதுதான்.

ஆனால் கவுண்டருக்குப் பின்னால் நிற்கும் அக்காக்கள்? எல்லோரும் மகளிர் சுயஉதவிக் குழுக்காரர்கள். விடியற்காலையில் வந்து அடுப்பைப் பற்றவைக்கிறவர்கள். அவர்களுடைய நாள் கூலி 300 ரூபாயாக இருந்தது. 2024-இல் 325 ஆனது. கொசுறு மாதிரி ஒரு 25. என்னிடம் இப்போது ஒரு ஹெல்பர் இருக்கிறான், பத்தொன்பது வயது. அவனுக்கு நாளைக்கு 700 கொடுக்கிறேன், கொடுக்காவிட்டால் அடுத்த தெரு மெக்கானிக்கிடம் போய்விடுவான். அவன் வயதைவிட அதிக வருடம் அடுப்படியில் நின்ற ஒரு அக்காவுக்கு அதில் பாதிகூட இல்லை. விலையை ஏற்றாமல் வைத்திருப்பது பெருமைதான். அந்தப் பெருமையில் ஒரு பங்கை அவர்களுடைய சம்பளத்திலிருந்து எடுப்பதுதான் சரியாகப் படவில்லை. நான் போகும் கிளையில் ஒரு அக்காவிடம் கேட்டேன், "கட்டுப்படியாகுதாக்கா?" அவர் கரண்டியை நிறுத்தாமல், "பொண்ணு காலேஜ் முடிக்கிற வரைக்கும் தள்ளிட்டா போதும்" என்றார். எனக்குப் பின்னால் வரிசை நீளமாக இருந்தது. தட்டை எடுத்துக்கொண்டு நகர்ந்தேன்.

இது எந்தக் கட்சியின் உணவகம் என்று சண்டை போடுகிறவர்கள் உண்டு. 2021 மே மாதம், தேர்தல் முடிவு வந்த கையோடு, முகப்பேரில் ஒரு உணவகத்துக்குள் புகுந்து பலகையைப் பிடுங்கி எறிந்தார்கள். வெற்றி பெற்ற கட்சி அந்த ஆட்களை நீக்கியது, பலகையும் திரும்ப ஏறியது. அன்று வாட்ஸ்அப்பில் அந்த வீடியோ வந்தபோது என் அறைத் தோழன் (அவன் அந்தக் கட்சிக்காரன்தான், இப்போது பெயிண்ட் கான்ட்ராக்டர்) ஒரே ஒரு வரி அனுப்பினான்: "அந்த இடத்துல நம்ம சாப்பிட்டிருக்கோம்டா." முதல்வர் மாறினார், உணவகம் மாறவில்லை. பெயரையும் மாற்றவில்லை. நம் ஊரில் இது சாதாரண விஷயம் அல்ல.

2015 டிசம்பர் வெள்ளத்தில் இங்கே காசு வாங்காமல் போட்டார்கள். அப்போது என் அறைக்குள் முட்டிவரை தண்ணீர், டூல்ஸ் பெட்டியைக் கட்டில்மேல் தூக்கி வைத்துவிட்டு மூன்று நாள் அந்தச் சாதத்தில்தான் ஓடியது. 2020 ஊரடங்கிலும் இலவசமாகக் கொடுத்தார்கள். ஏசியைத் தொட்டால் நோய் வரும் என்று யாரும் எங்களைக் கூப்பிடாத மாதங்கள் அவை. 2024 அக்டோபர் மழையிலும் அப்படித்தான். எல்லா வார்டிலும் தயாராக ஒரு அடுப்பு இருப்பதன் அருமை இந்த மாதிரி நாட்களில்தான் தெரியும். படகில் பொட்டலம் வருகிறதா என்று காத்திருக்க வேண்டியதில்லை, தெருமுனைக்கு நடந்தால் போதும்.

இடையில் இரண்டு மாதம் பெங்களூரில் ஒரு அபார்ட்மென்ட் வேலைக்குப் போயிருந்தேன். அங்கே 2017-இல் இந்திரா கேன்டீன் தொடங்கினார்கள், காலை டிபன் ஐந்து ரூபாய், சாப்பாடு பத்து. ஒடிசாவில் 2015-இலேயே ஆஹார் என்று ஐந்து ரூபாய்க்குச் சாதமும் பருப்பும். ஆந்திராவில் அண்ணா கேன்டீன். பெங்களூரில் தட்டோடு நின்றபோது பக்கத்தில் இருந்தவரிடம் கன்னடம் பாதி, தமிழ் பாதியாக, "இது எங்க ஊர்ல ஆரம்பிச்சது" என்றேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "அங்கே எவ்வளவு?" என்றார். "இட்லி ஒரு ரூபாய்" என்றதும் பொய் சொல்கிறேன் என்று நினைத்துவிட்டார். 2013-இல் நானும் அப்படித்தான் நினைத்தேன், அவரைக் குறை சொல்ல முடியாது.

இப்போது எனக்கு வருமானம் இருக்கிறது, மனைவி கட்டித்தரும் டப்பா இருக்கிறது. ஆனாலும் வாரத்தில் இரண்டு நாள் போகிறேன். நீ சாப்பிட்டால் இல்லாதவனுக்கு ஒரு தட்டு குறையாதா என்று மச்சான் கேட்டார். நியாயமான கேள்விதான், அதனால்தான் கூட்டமாக இருக்கும் நாட்களில் திரும்பி வந்துவிடுகிறேன். மற்றபடி, காசுள்ளவனும் வரிசையில் நிற்கிற வரைக்கும்தான் சாம்பாரில் பருப்பு இருக்கும் என்பது என் கட்சி. ஏழைக்கு மட்டும் என்று ஒதுக்கிய எதை யார் எட்டிப் பார்த்தார்கள்?

நட்சத்திரம் போட வேண்டுமென்றால் தயிர் சாதத்துக்கு ஐந்து, இட்லிக்கு நாலு, மேசைக்கு இரண்டு. அக்காக்களின் கூலிக்குப் போட எனக்குக் கை வரவில்லை.

போகிறவர்களுக்குச் சில விவரங்கள். காலை 7 முதல் 10 வரை, மதியம் 12 முதல் 3 வரை. பார்சல் கிடையாது, அங்கேயே சாப்பிட வேண்டும், டப்பாவை நீட்டி அக்காக்களைச் சங்கடப்படுத்தாதீர்கள். ஐந்து ரூபாய்ச் சாப்பாட்டுக்கு ஐந்நூறு ரூபாய் நோட்டை எடுத்துக்கொண்டு போகாதீர்கள். சட்டைப் பையில் ஒரு ரூபாய் நாணயங்களாக ஒரு பத்து இருக்கட்டும். போன வியாழக்கிழமை அது இல்லாமல் போய், மிச்சத்துக்குச் சில்லறை இல்லை என்று அக்கா இன்னும் ஆறு இட்லி வைத்துவிட்டார். மொத்தம் பத்து. அன்று அண்ணா நகரில் நாலாவது மாடி வேலை, லிஃப்ட் கிடையாது.