டிஜாக்சின் கேள்வியில் விழுந்தேன்

அமெரிக்காவில் நடைமுறைச் செவிலியர் (பதிவுபெற்ற செவிலியருக்குக் கீழ் பணியாற்றுபவர்) உரிமம் பெற எழுதும் என்.சி.எல்.இ.எக்ஸ்-பி.என் தேர்வுக்காக மூன்று மாதச் சந்தாவில் ஒரு வினா வங்கி வாங்கினேன். 2023 ஏப்ரலில் மாறிய முறைப்படி, ஒரே நோயாளியைப் பற்றி அடுத்தடுத்து ஆறு கேள்விகள் வரும் பகுதிதான் இதன் உயிர். அப்படி ஒன்றில், டிஜாக்சின் என்ற இதய மருந்து தர வேண்டிய முதியவர். ஒரு நிமிடம் முழுக்க எண்ணிய இதயத் துடிப்பு 52. குமட்டல், பார்வையில் மஞ்சள் நிறம். நானோ குமட்டலுக்கு மருந்து கொடுக்கக் கிளம்பினேன். இவை டிஜாக்சின் உடலில் மிகுந்து நஞ்சாவதன் அறிகுறிகள்; அதை நிறுத்திவைத்து, பதிவுபெற்ற செவிலியரிடம் உடனே தெரிவித்திருக்க வேண்டும். தவறான விடை ஒவ்வொன்றும் ஏன் தவறு என்று விளக்குகிறார்கள். கொடுத்த காசு அதற்கே சரியாகிவிட்டது.

மருந்தளவுக் கணக்குகள் சுமார்தான். பொட்டாசியம் விளக்கம் ஒன்றில் அலகே தவறு. எழுதிக் கேட்டேன், பதில் இல்லை. கைபேசியில் அட்டவணைக் கேள்விகள் பாதி மறைந்துவிடுகின்றன. கணினி இருந்தால் மட்டும் வாங்குங்கள்.