மொழிபெயர்ப்பதா, புதிதாக எழுதுவதா?

அரசியலமைப்பின் எட்டாவது அட்டவணையில் மட்டுமே 22 மொழிகள் உள்ள நாடு இந்தியா. மற்ற மாநிலங்களைப் பற்றித் தமிழ் விக்கிப்பீடியாவில் எழுத உட்கார்ந்தால் இரண்டு வழிகள்: ஆங்கிலக் கட்டுரையை மொழிபெயர்க்கலாம், அல்லது அந்த வட்டார நூல்களைப் பார்த்துப் புதிதாக எழுதலாம்.

மொழிபெயர்ப்பு வேகமானது. அதற்கென்றே உள்ள கருவி பத்தி பத்தியாகக் காட்டும். மேற்கோள்களும் கூடவே வரும். மாவட்டம், ரயில் நிலையம், சட்டமன்றத் தொகுதி என்றால் இதுவே போதும்.

ஆனால் பெயர்களில் சறுக்கும். கர்நாடகத்தின் ஹாசன், ஆங்கில எழுத்தை மட்டும் பார்த்தால் ‘ஹசன்’ ஆகிவிடும். கன்னடத்தில் முதல் எழுத்து நெடில். மகாராட்டிரத்தின் தாணே ‘தானே’ ஆகிவிடும். மராத்தியில் அங்கே இருப்பது ணகரம். ஒரு தலைப்பு தவறினால் வார்ப்புரு (பல கட்டுரைகளில் இடும் பொதுச் சட்டகம்), பகுப்பு (ஒரே வகைக் கட்டுரைகளின் பட்டியல்), மற்ற கட்டுரைகள் என எங்கும் அதே பிழை பரவும். அப்புறம் திருத்துவது பெரும்பாடு. அதைவிட வருத்தம், ஆங்கிலத்தில் யாரும் எழுதாதது தமிழிலும் இல்லாமலே போவது.

புதிதாக எழுதுவது மெதுவான வேலை. ஒடியா எழுத்தாளர் ஒருவரைப் பற்றி எழுத, ஒடியா படிக்கத் தெரிந்த ஒருவர் துணை வேண்டும். தமிழ் விக்கிப்பீடியாவில் நமக்கு ஆலமரத்தடி என்ற பொது உரையாடல் பக்கம் இருப்பதுபோல ஒடியா விக்கிப்பீடியர்களுக்கும் ஒன்று உண்டு. தயங்காமல் போய்க் கேளுங்கள்.

என் தேர்வு: நிருவாகப் பகுதிகளை மொழிபெயர்ப்போம், விக்கித்தரவில் (எல்லா மொழி விக்கிப்பீடியாக்களுக்கும் பொதுவான தரவுத்தளம்) உள்ளூர்ப் பெயரைச் சரிபார்த்தபின். ஆட்கள், ஆறுகள், நாட்டார் கலைகளைப் புதிதாகவே எழுதுவோம், மாதத்துக்கு ஒன்றே முடிந்தாலும் சரி.